பதினாலாவது கிலோமீட்டர்

மண்டபம் மீன்துறை அலுவலக மேசையில்
எங்கள் படகின் ஓர் இரவு
கட்டம் போட்ட தாளில் கிடந்தது.
படுத்த அச்சில் மணி.
நின்ற அச்சில்
தங்கச்சிமடம் ஜெட்டியிலிருந்து படகின் தூரம்.

'மலை மாதிரி இருக்கே' என்றான்
டீ கொண்டுவந்த பையன்.
எங்கள் தீவில் மலையென்று பேர்பெற்றது
ஒரு மணல்மேடு.
இதில் யாரும் ஏறவில்லை, தம்பி.
தூரம் கூடினால் கோடுதான் மேலே போகும்,
கடல் மட்டமாகவே கிடக்கும்.

ஆய்வாளர் நவநீதன்
பேனா மூடியால் தொட்டுக் காட்டினார்:
நாலு மணிக்குச் சுழியத்தில் கிளம்பி
ஐந்தரைக்குப் பதினாலு கிலோமீட்டர்.
சரி.
அங்கிருந்து இரவு இரண்டு மணிவரை
ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரே மட்டம்.
'எட்டரை மணி நேரம் நின்ற படகு
நூற்று நாற்பது லிட்டர் குடிக்குமா?
மானிய டீசலம்மா.
யாருக்கு விற்றார் உங்க வீட்டுக்காரர்?'

இன்னாசி தரையைப் பார்த்தபடி இருந்தார்.
வாடைக்காற்றில் நாலு படகு தாண்டிக்
கேட்கக் கத்துகிற மனிதர்,
மின்விசிறிக்குக் கீழே
தொண்டை கட்டிப்போவார்.

தாளை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.
பிளஸ் டூ இயற்பியலில் எனக்கு
இருநூற்றுக்கு எழுபத்து மூன்று.
கோடு கிடைமட்டம் என்றால் பொருள் ஓய்வில்,
திசைவேகம் சுழியம், ஒரு மதிப்பெண்.
நானும் அப்படித்தான் எழுதினேன்,
எதிலிருந்து தூரம் என்று
கேள்வித்தாளை யாரும் கேட்காத காலம்.

மடியில் வாழைநார் இருந்தது,
காலையில் மல்லிகை நாற்றுக் கட்டியதில் மிச்சம்.
அவருடைய பஞ்ச் மிஷினில் ஒரு முனை,
அழிரப்பரில் மறுமுனை.
நார் தளராமல் ரப்பரை நகர்த்தினேன்
கோப்புகளைத் தள்ளிக்கொண்டு
டீத் தம்ளரை இடித்துக்கொண்டு
மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.
'நார் நீண்டுச்சா சார்?'
'இல்ல.'
'ரப்பர் நின்னுச்சா?'

மடி இறக்கிவிட்டால்
படகு பிறைபோல் வளைந்துதான் போகும்.
வடக்கே ஒரு பாடு,
திரும்பித் தெற்கே ஒரு பாடு.
உற்றுப் பாருங்கள், ஸ்கேல் கோடும் இல்லை இது:
பதிமூன்றே முக்கால், பதினாலேகால்,
நூல் நடுங்குவதுபோல் ஒரு நடுக்கம்.
இன்னும் மேலே போனால் எல்லை.
எல்லைக்கு மேலே கோடு போன வீடுகள்
எங்கள் தெருவில் மூன்று.
அந்தக் கோடுகள் இன்னும் கீழே இறங்கவில்லை.

(அந்த எட்டரை மணி நேரத்துக்கு
வீட்டிலிருந்து என் தூரத்தை வரைந்தாலும்
மட்டமான கோடுதான்.
நாற்றுப்பாத்தி, குடம், அடுப்பு, வாசற்படி.
அதற்கு யாரும் டீசல் கணக்குக் கேட்பதில்லை.)

அவர் தலையைச் சொறிந்தார்.
'இதையே எழுதிக் குடுங்க' என்றார்.
பிறகு, சமாதானம்போல,
கோட்டின் கடைசியைத் தொட்டார்.
இரண்டிலிருந்து மூன்று பத்துக்குள்
பதினாலிலிருந்து சுழியத்துக்கு ஒரே சரிவு,
போனதைவிடச் செங்குத்தாக.
'திரும்பும்போது என்ன வேகம்! எஞ்சின் புதுசா?'

இன்னாசி முதல்முறையாக வாய் திறந்தார்:
'ஆமா சார்.'

எஞ்சின் பழசு.
பெட்டிகள் நிறைந்த இரவில்
அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும்,
கோடு சாய்ந்து சாய்ந்து
கர்ப்பிணி படியிறங்குவதுபோல் வரும்.
இது ஐஸை மட்டும் திருப்பிக் கொண்டுவந்த சரிவு,
ஓரத்தில் நாலு கூடை சங்காயம்.

நாரைச் சுருட்டி மடியில் வைத்தேன்.
தாளில் அந்த இடத்தை மட்டும்
நான் வாசித்துக் காட்டவில்லை.