இனிக்காத சீனி

வேதாளைக் கரையில் காலை ஆறரைக்கு
ஆவுளியா ஒதுங்கிக் கிடந்தது.
குட்டி. நாலு முழம் இருக்கும்.
வாயோரம் இன்னும் பச்சையாய்
மென்று முடிக்காத கடற்புல்.

வனத்துறைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க
தோலில் விரல்நகம் அளவு வெட்டி
குப்பிக்குள் போட்டேன், ஆல்கஹால் ஊற்றினேன்,
மூடியில் தேதி எழுதினேன்.
என் வேலை அவ்வளவுதான்.
மண்டபம் ஆய்வுக்கூடத்தில் மூன்றாம் மேசை,
பதினொரு மாத ஒப்பந்தம்.

சீனியம்மாள் அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறினாள்.
புருஷன் சட்டை, நெற்றிக்கு ஏற்றிய முக்குளிக் கண்ணாடி,
பாதத்தில் கயிறு போட்டுக் கட்டிய அலுமினியத் தகடு,
பத்து விரலிலும் துணிச்சுற்று.
இடுப்புச் சாக்கில் மரிக்கொழுந்துப் பாசி சொட்டியது.

"என்னத்துக்கு இந்தத் துண்டு?"
"யாரு பெத்த பிள்ளைன்னு பாக்க."
அவள் சிரிக்கவில்லை.
"அதக்கூடவா தோலுல எழுதியிருக்கும்?"

துணி நழுவிய கட்டைவிரலில் பார் கீறிய வெட்டு.
நான் பார்க்கப் பார்க்கவே
அதற்குள் ஒரு வலை பின்னிக்கொண்டிருந்தது.
ஊசியில்லை, தூண்டில் நரம்பில்லை.
புரத இழையைப் புரத இழை பற்றிக் கண்ணி விழ,
அணுக்கள் சாளைமீனாய் மாட்டி நிற்க,
கசிவு நின்றது.
அவளைக் கேட்டா நடந்தது இதெல்லாம்?
அவள் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கூடத்துக்கு வந்து சோப்புப் போட்டேன்.
மறுபடி போட்டேன்.
விரலிடுக்கில் குட்டியின் கொழுப்பு நாற்றம்.
பாக் நீரிணையில் விழுந்த வெயில்
புல்லுக்குள் சீனியாகி,
குட்டிக்குள் கொழுப்பாகி,
தோலடியில் போர்வையாய்க் கிடந்து
இப்போது என் நகக்கண்ணில்.
கொழுப்பைக் கழுவக் கொழுப்பில் செய்த கட்டிதான் வேண்டும்.
அதன் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும்,
மறுமுனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்,
சம்பந்தி வீட்டுப் பந்தியில் என் மாமா மாதிரி.

சாயங்காலம் ஒரு கிராம் அகரோஸ் தூளை
நூறு மில்லியில் கொதிக்கவைத்து வார்த்தேன்.
டப்பாவில் வெளிநாட்டு முகவரி,
விலையைப் பார்த்தால் கை நடுங்கும்.
ஆறியதும் அதுவும் நடுங்கி நின்றது,
கீழக்கரையில் நோன்பு திறக்கிற நேரம்
ரஹ்மத் நிஷா தட்டில் வெட்டி வைக்கும்
ரோஸ் நிறக் கடல்பாசி போல.

போல என்ன, கிட்டத்தட்ட அதேதான்.
அலையில் முறியாமல் வளைய
பாசி தன் உடம்புக்குள் கோத்த சீனிச் சங்கிலி.
அவிழ்க்க நம் வயிற்றில் சாவியில்லை.
நாக்குக்கும் இனிக்காது.
தண்ணீரை மட்டும் பிடித்தால் விடாது.

குழியில் சொட்டு விட்டு மின்சாரம் கொடுத்தேன்.
பாதியில் கரண்ட் போனது.
இருட்டில், ஜெனரேட்டர் இருமும்வரை,
குட்டியின் டி.என்.ஏ. வழியிலேயே நின்றது.
பிறகு நடந்தது,
குட்டைத் துண்டு முன்னே,
நெட்டைத் துண்டு இடித்துக்கொண்டு பின்னே.
செத்த பிறகும் பாசிக்குள்தான் நீந்துகிறது
என்று எழுதத் தோன்றியது.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
'ஓட்டம்: நாற்பது நிமிடம், தடங்கலுடன்'
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஊதா வெளிச்சத்தில் கோடுகள் தெரிந்தன.
இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டியில் ஒதுங்கியதன்
கோடுகளோடு வைத்துப் பார்த்தோம்.
ஒவ்வொரு இடத்திலும் ஒன்று பொருந்தியது,
ஒன்று வேறெங்கிருந்தோ வந்திருந்தது.

அடுத்த வாரம் பாசி உலரும் இடத்தில்
அவளே கேட்டாள்.
"தொண்டியில செத்தது அதோட ஆத்தாளா இருக்கலாம்" என்றேன்.
"லாம்" என்பதைக் கொஞ்சம் அழுத்தினேன்.
மணலை உதறினாள்.
கட்டைவிரலில் தழும்பு வெளுத்திருந்தது.
"அப்ப ஆத்தாளும் பிள்ளையும்
ஒங்க ஐஸ்பெட்டியிலதான் சேந்திருக்காக."

நான் பதில் தேடுவதற்குள்
வியாபாரி தராசைத் தூக்கினான்.
பாசியைக் கையில் கசக்கிப் பார்த்து,
ஈரம் இருக்கு என்று
கிலோவுக்கு நூறு கிராம் கழித்தான்.