இரண்டு கோடுகள்

படகோனியா. கொக்ரானே கிளையில் நாங்கள் மூன்றே பேர்.
ஓய்வூதிய நாள். வாசல்வரை கம்பளிக் குல்லாய்கள்.
பத்தேகாலுக்கு
ஏரிக்கரைச் சாலையில் எவனோ பொக்லைன் ஓட்டி
கண்ணாடி இழையைக் கடித்துவிட்டான்.
பச்சை விளக்கு அணைந்தது.
மூச்சை எண்ணினேன்: பதினொன்று, பன்னிரண்டு...
ஆரஞ்சு எரிந்தது.

மூன்று வருடமாக உட்கார்ந்தே சம்பளம் வாங்கிய
அந்தச் சிம் அட்டை
இன்றுதான் வேலைக்கு வந்தது.
தண்டச் செலவு என்று சாந்தியாகோவிலிருந்து
இரண்டு கடிதம், அதன் பெயரில்.

ஒற்றையடிப் பாதை அது, வண்டி போகாது.
கேமராக்களை நிறுத்தினேன், விளம்பரத் திரையை நிறுத்தினேன்,
நோல்பெர்தோ ஒளித்துப் பார்க்கும் கால்பந்தையும்.
கணக்கு மட்டும்
குனிந்து போகட்டும்.

ஆன்டெனாவுக்குக் கோபுரம் தெரியும் ஒரே இடம்
கழிப்பறை ஜன்னல்.
திறந்த கதவின் விளிம்பில்
துணிக்கிளிப் பிடித்துத் தொங்குகிறது, இரண்டு கோடுகளோடு.
தோன் எலெயுதேரியோ உள்ளே போனவர்
குளிர் தாங்காமல் சாத்திவிட்டார்.
ஒரு கோடு.
பிறகு அதுவும் இல்லை.
கவுன்டரில் ஒதிலியா அம்மாவின் பணம்
நடுவழியில் நின்றது.

ஓடிப்போய்த் தட்டினேன்: "ஐயா, திறங்கள்!"
"கதவையா?"
"ஜன்னலை!"
வரிசையே சிரித்தது, ஒதிலியா தவிர.

நாலு பத்துக்குப் பச்சை திரும்பியது.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
அதற்குத்தானே இத்தனை பாடும்.
பூட்டும்போது குறுஞ்செய்தி ஒன்று:
இம்மாத டேட்டாவில் எண்பது விழுக்காடு தீர்ந்தது.

ஜன்னலைச் சாத்தாமல் வந்துவிட்டேன்.
காலையில் கழிப்பறைத் தரையில்
கொஞ்சம் பனி.