பாதிப் பூஜ்ஜியம்

மேசையை அடிஸ்கேலால் அளந்தேன்.
ரசீது குத்தும் கம்பிக்கும்
பணப்பெட்டிக்கும் நடுவே
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
பெட்டியை நகர்த்த வழியில்லை,
மேசையோடு திருகி இறுக்கியவர்
சாவியையும் கொண்டே போய்விட்டார்.

பழைய கீபோர்டு நாற்பத்துநாலு.
வலது ஓரம் வெளியே தொங்கும்,
அடியில் ஒரு டீத்தூள் டப்பா முட்டுக்கொடுத்து.
அந்த ஓரத்தில்தான் எண்கள்.
அந்த எண்களில்தான்
அரவேணுவுக்குக் கீழே
ஏழு ஊரின் பச்சை இலை.

பூஜ்ஜியம் சில நாள் விழும், சில நாள் விழாது.
மழை மாதத்தில்
இறங்கினால் எழ நேரமாகும்.

நஞ்சி போட்டது நூற்றேழு கிலோ.
திரையில் பதினேழு.
அவர் கத்தவில்லை.
இலைப்புத்தகத்தை என் முன்னால் விரித்துவைத்து
குடையை மடக்காமலே நின்றார்.
நான் கூட்டிப் பார்த்து முடிக்கும்வரை
தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.
தொண்ணூறு கிலோ. கிலோ பதினெட்டு.
ஆயிரத்து அறுநூற்றிருபது.
"மிசினுக்கு எம்மேல என்ன கோவம்?"

முதலாளி நாலாயிரத்துக்குத் தலையாட்டினார்.
"சத்தம் வராததா பாரு."

பியூலாவின் தம்பி கோவையிலிருந்து
தீப்பெட்டி அளவில் ஒரு பலகை கொண்டுவந்தான்,
மூன்று நிறத்தில் மூன்று விசை.

நீலம்
தகரக்கூரையில் ஆலங்கட்டி.
பக்கத்து மேசையில் பியூலா
நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பு
விரலை வைத்து யோசித்தாலே எழுதிவிடுகிறது.
யோசிக்கும்போது எழுதாத ஒன்று
எனக்கு வேண்டும்.

பழுப்பு பாதி வழியில் சற்றே நின்று
"இதுதானா?" என்று கேட்டுவிட்டு
இறங்குகிறது.
திரும்பத் திரும்ப அழுத்தினேன்.
கீழே ரோலர் ஓடும்போது
இந்த அறையில் எந்தச் சத்தமும் சத்தமில்லை.
காதுக்குக் கேட்காத இடத்தில்
விரலுக்காவது தெரியணும்.

"எண்பகுதி இல்லாததை வாங்குங்கக்கா,
முப்பத்தாறுதான், அழகா இருக்கும்.
எண்ணு மேல் வரிசையிலயே இருக்கே."

இருக்கிறது தம்பி,
கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி வரிசையாக.
ஒவ்வொரு தடவையும் முகம் பார்த்துத்தான்
ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.
இங்கே
ஐந்தின் முதுகில் சின்னதாய் ஒரு மேடு.
சாயங்காலம் மூடுபனி கேட்டுக்குள் வந்தபின்
ரோட்டுக்கு ஏறும் பதினாலு படியில்
ஒன்பதாவது உடைந்தது என்று
காலுக்குத் தெரியும் இல்லையா,
அப்படி.
என் கண் ரசீதில் இருக்கும்.

மூன்று ராத்திரி செல்போனில் தேடினேன்.
எல்லா எண்ணும் இருந்து
முப்பத்தெட்டுக்குள் அடங்குவது ஒன்று கிடைத்தது.
இடைவெளியே கிடையாது.
லயன் வீடு போல் சுவரோடு சுவர்.
அம்புக்குறிகளுக்கு இடம் போதாமல்
வலது அம்பு எல்லைக்கல்லைத் தள்ளி நட்டிருந்தது.
பறிபோனது பூஜ்ஜியத்தின் இடது பாதி.

எதற்காக வாங்குகிறேனோ
அதிலேயே பாதி.

இன்னொரு ராத்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மூவாயிரத்து எழுநூறு.
விலையில் இரண்டு பூஜ்ஜியம்,
இரண்டும் முழுசு.

பார்சல் கோத்தகிரிக்கு நனைந்து வந்தது.
மேசையில் உட்கார்ந்தது,
கம்பிப் பக்கம் ஒரு ரசீது நுழையும் சந்து விட்டு.
டீத்தூள் டப்பாவை எடுத்தேன்,
அதன் வட்டம் மட்டும் தரையில் வெளுப்பாய்.

முதல் பதிவு நஞ்சிக்கு.
நிலுவை, தொண்ணூறு.
ஒன்பது விழுந்தது.
கட்டைவிரல் பழைய பழக்கத்தில்
பூஜ்ஜியம் இருந்த பாதியில் இறங்கியது.
கட்டம் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது திரை.
நஞ்சிக்கு ஒன்பது கிலோ.

இதுதானா?

இல்லை.
திரும்பி வந்தேன்.
அரை அங்குலம் கிழக்கே.
பூஜ்ஜியம்.

ரோலர் அப்போதுதான் நின்றிருந்தது.
"கேக்குதே," என்றாள் பியூலா.