முப்பத்தொன்றாவது தெரு

செங்கோல் என்று எதுவும் என்னிடம் இல்லை.
இருப்பது ஒரு பட்டியல்.
நகராட்சியின் சாலைப் பிரிவில்
இருபத்திரண்டு வருடமாக
நவம்பர் பிறந்ததும் தட்டச்சு செய்து
கண்ணாடிப் பலகைக்குள் வைத்துப் பூட்டுகிறேன்.
ஒன்று, மருத்துவமனை.
இரண்டு, அடுமனை.
மூன்று, பள்ளிக்கூடம்.
இப்படியே இறங்கிப் போனால்
முப்பத்தொன்று, பைன்மரச் சந்து.
அதில் ஆறு வீடு. ஆறாவது என்னுடையது.

ரோடோப்பி மலையில்
பனி கொட்டும் இரவுகளில்
அதிகாரம் என்பது
எந்தச் சாலை முதலில் என்பதுதான்.
மற்றதெல்லாம் வசந்தம் வரை காத்திருக்கும்.

கை சுத்தம் எனக்கு. யாரையும் கேளுங்கள்.
விடுதிக்கார ரங்கேல் கொடுத்தனுப்பிய பன்றித் தொடை
சுற்றிய தாள் பிரியாமல் திரும்பிப் போனது.
தேன் ஜாடியோடு வந்த கவுன்சிலர்
ஜாடியோடு வெளியேறினார்.
தேன் எடுப்பவன் புறங்கையை
நக்காமல் இருப்பானா, ஸ்த்ராவ்கா, என்று சிரித்தார்.
என் புறங்கை உலர்ந்தது என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்,
பக்கத்து அறைக்கும் கேட்கட்டும் என்று.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை.
விடியுமுன் தூக்கத்துக்குள் ஓர் உறுமல்.
மஞ்சள் விளக்கு என் கூரையில் ஒருமுறை சுழன்றது.
பனி தள்ளும் வண்டி. மின்கோ.
போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.
அவ்வளவையும் நான்தான் செய்தேன்.

எட்டு மணிக்கு
மேட்டு நீர்த்தொட்டியைப் பார்க்கப் படியேறினேன்.
கீழே ஊர் வெள்ளைத் தாளாகக் கிடந்தது.
அதில் கறுப்புக் கோடுகள்:
மருத்துவமனைக்கு ஒன்று,
அடுமனைக்கு ஒன்று,
பிறகு பள்ளியைத் தொடாமல்,
பால் பண்ணைத் திருப்பத்தைத் தொடாமல்,
நேராக என் வாசலுக்கு ஒன்று.
எழுத்தறியாதவனும் வாசித்துவிடுவான்.

"டீசல் போட அந்தப் பக்கம் போனேன், மேடம்,
வழியில்தானே" என்றான் மின்கோ.
டீசல் கிடங்கு ஆற்றுக்கு அக்கரையில்.
அது எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும்.
அவன் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.
புதுப்பிக்கும் கையெழுத்து யாருடையது என்பதும்
இருவருக்கும் தெரியும்.
பார்த்து ஓட்டு, என்றேன்.

ஐந்தாம் எண் சாலையில் அசேன்
எடுத்துப்போக வண்டி வராத நாற்பது லிட்டர் பாலை
வேலியோரம் கவிழ்த்தானாம்.
பனிமேல் பால்.
எங்கே கொட்டினான் என்றே கண்டுபிடிக்க முடியாது.
புகார் எதுவும் வரவில்லை.

வந்தது வேறொன்று.
மாலையில் என் கதவருகே துணி மூடிய தட்டு,
பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா, இன்னும் சூடாக.
நான்காம் வீட்டு ஸ்தோயனா சொன்னாள்:
"இத்தனை வருடத்துக்குப் பிறகாவது
நம் தெருவுக்கும் ஓர் ஆள் இருக்கிறதே."
நின்றபடியே தின்றேன்.
வெண்ணெய் புறங்கைவரை வழிந்தது.
துணியைத் தேடவில்லை.

நேற்று மறுபடி வானம் தாழ்ந்தது.
பகலிலேயே சொல்லியிருக்கலாம் மின்கோவிடம்.
ஒற்றை வரி. வேண்டாம், பட்டியல்படி போ.
சொன்னால், போன முறை நான் விழித்திருந்தேன்
என்றாகிவிடும்.
தேநீர் கொண்டு வந்தான். சர்க்கரை அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

நாலு மணிக்கு அந்த உறுமல்.
இரவு உடைமேல் கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு,
ஓடிப்போய்ச் சந்தின் நடுவே நின்று
நிறுத்து என்று கையை உயர்த்தினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் மலர்ந்தது.
தானும் கையை உயர்த்தி
இரண்டு முறை ஹாரன் அடித்தான்.
ஒதுங்கினேன்.
அலகு என் கால்மாட்டில் உரசிப்போக
பனி இருபுறமும் புரண்டு வழிவிட்டது.

நான்காம் வீட்டில் விளக்கு எரிந்தது.
ஜன்னலில் ஸ்தோயனா
அவளும் கையை உயர்த்தினாள்.
என் கை இன்னும் இறங்கவில்லை.