பறிக்காமல் விட்டது

நங்கநல்லூர் மாநகராட்சிப் பூங்காவில்
ஆறு மணிக்கு முன்னால் வருபவர்களுக்குத்தான் பூ.
அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி,
எட்டிய கிளையெல்லாம் வளைந்து
சாமிக்கென்று பைக்குள் போகும்.
எட்டாததற்குத் தண்டபாணி சார்
குடைக்கம்பியொன்றை வளைத்து வைத்திருக்கிறார்.

நான் ஆறரைக்கு வருபவள்.
மூன்று மாதச் சர்க்கரை எட்டு புள்ளி நான்கு.
கூழாங்கல் பதித்த எட்டில்
முன்னும் பின்னும் நடந்து
இலைகளை மட்டுமே பார்த்துப் பழகியவள்.

இந்த முறை மழை லேசில் விடவில்லை.
பின்பக்கம், உடைந்த ஊஞ்சலை ஒட்டி
கார்த்திகை முழுக்கக் கணுக்கால் தண்ணீர்.
அந்தப் பக்கம் யாரும் போகவில்லை,
சாமியும் யாரையும் அனுப்பவில்லை.
ஒப்பந்தம் முடிந்து தோட்டக்காரர் நின்றுவிட
கத்தரிக்கோலும் வரவில்லை.

தண்ணீர் வடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை
சேறு ஓடு ஓடாய் வெடித்திருக்க,
நாயொன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கியவள்
பன்னீர் ரோஜாச் செடியில் அதைக் கண்டேன்.
சுண்டைக்காய் அளவு.
பச்சை பாதி மஞ்சளாகி
ஒரு கன்னத்தில் மட்டும் சிவப்பு.
உச்சியில் காய்ந்த புல்லிகள் ஐந்து,
விருந்தாளி போன பின்னும்
யாரும் சுருட்டாத பாய் மாதிரி.

நோய் என்றுதான் நினைத்தேன்,
பூச்சி முட்டையிட்ட வீக்கம்.
காவலாளி துலுக்காணத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"ரோசா காய்க்குமா மேடம்?"
என்னையே கேட்டார்.

ஐம்பத்தாறு வயதில் எனக்கும் அது செய்திதான்.
தலையில் வைத்திருக்கிறேன்.
தாம்பாளத்தில், சர்பத்தில், மாலையில்,
மின்மயானத்து வாசலில் மிதிபட்டும்
பார்த்திருக்கிறேன்.
ஒரு ரோஜாவையாவது
அதன் வேலையை முடிக்க விட்டிருக்கிறேனா?

எண்ணினேன். ஏழு.
ரோஜாக்காய் என்றால் காய்கறிக் கடை வாடை வருகிறது,
பழம் என்றால் நாக்கு நம்பவில்லை.
பெயர் வைக்காமலே பார்த்தேன்.

மார்கழி பிறந்து
கோலத்துப் பூசணிப்பூவுக்குத் தெருவே அலைகையில்
என் நடை பின்பக்கம் திரும்பியிருந்தது.
ஆரஞ்சு, பிறகு செங்கல், பிறகு
பழைய ரயில்வே கைவிளக்கின் சிவப்பு.
அடியில் ஒரு சொட்டுப் பனி தொங்கும்.
அதற்குள் தலைகீழாய்ப் போகும்
மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம்.

நேற்று தண்டபாணி சார் பக்கத்திலேயே நின்றார்.
"இதில் ஒரு பூகூட இல்லையே"
என்று கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.
நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று ஆறுதான் இருந்தன.
ஏழாவது, அணில் கடித்த மிச்சமாய் மண்ணில்.
பிளந்து பார்த்தேன்.
பூனைக்குட்டிக் காதுக்குள் இருப்பது போல் முடி,
முடிக்குள் நொய்யரிசி போல் விதை.
தொட்ட விரல் அரித்தது.
சொறிந்துகொண்டே நின்றேன்.

மணிக்கட்டில் மகன் கட்டிவிட்ட கடிகாரம்
அதிர்ந்து சொன்னது,
நீங்கள் வெகுநேரமாய் நகரவே இல்லை.