பதினேழாம் முகவரி

மெஹ்பூலா, மூணாம் மாடி.
ஃபிரிட்ஜ் தலைமேல் ரவுட்டர்.
ஆளுக்கு ஒன்றரை தினார், வசூல் நான்.
பகலில் லிஃப்ட் மெக்கானிக்,
ராத்திரி இந்தப் பெட்டிக்குக் கணக்குப்பிள்ளை.

பதினாலு பேர், இருபத்தோரு போன்.
உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
வாசல் தாண்டினால் எல்லாருக்கும் ஒரே எண்;
உலகம் எங்களை ஒற்றை ஆளாகப் பார்க்கிறது.
புதுசில்லை.
கம்பெனியின் தபால் பெட்டிதான்
ஆறு வருஷமாய் என் முகவரி,
அதற்குள் இன்னும் நானூறு பேர்.
ஆனால் கம்பெனியைவிட
ரவுட்டருக்கு நினைவு அதிகம்.
தில் பகதூர் கேட்ட பாட்டு
ஒருநாளும் ஜஹபருக்குப் போனதில்லை.

செம்புலிங்கம் வீட்டுக்குப் படம் அனுப்புகிறான்,
கட்டுப்போட்ட விரலைச்
சட்டத்துக்கு வெளியே வைத்து எடுத்த படம்.
அது படமாகப் போவதில்லை.
ஆயிரம் துண்டு,
ஒவ்வொன்றின் முதுகிலும் வரிசை எண்.
கடலடியில் முடியளவு கண்ணாடி இழை,
எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழி.
எழுநூற்றுப் பன்னிரண்டு வரவில்லையென்றால்
அந்தப் பக்கம் கேட்கும்,
இந்தப் பக்கம் மறுபடி அனுப்பும்,
முகம் சுளிக்காமல்.
கடைசியில் எல்லாம் ஒட்டிச் சிரிக்கிறான்,
ஒரு துண்டும் குறையவில்லை.
அனுப்பாத விரலுக்கு வரிசை எண் கிடையாது.
எதைக் கேட்பாள் அவள்?

கேக்குதா?
கேக்குது, உனக்கு?
எனக்கும்.
இந்த மூன்றும் முடியாமல்
எந்திரங்கள்கூட விஷயத்துக்கு வருவதில்லை.
வெள்ளிக்கிழமை பதினாலு வாயும் இதையே சொல்லும்.
சிலருக்கு அதற்குமேல் விஷயமும் இருக்காது.

உள் எண் யாருக்கும் சொந்தமில்லை.
ஒரு நாள் குத்தகை,
போன் அருகில் இருந்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும்.
இக்காமா அப்படியில்லை.
லூர்துராயனுடையதைக் கம்பெனி புதுப்பிக்கவில்லை.
செவ்வாய் ராத்திரி செக்கிங்,
வியாழன் விமானம்.
புதன் முழுக்கப் பட்டியலில்
அவன் பதினேழு சாம்பல் நிறத்தில் கிடந்தது,
பிறகு அதுவும் இல்லை.

சனிக்கிழமை அவன் கட்டிலுக்கு ஒரு பையன் வந்தான்.
தலையணை உறையைக்கூட மாற்றவில்லை,
முதலில் பாஸ்வேர்டு கேட்டான்.
ரவுட்டர் காலியானதைப் பார்த்து
எடுத்து நீட்டியது: பதினேழு.

கட்டில் விஷயத்தில் என் பேச்சு எடுபடாது.
பெட்டிக்குள் எடுபடும்.
எல்லாரும் தூங்கியபின் உள்ளே போனேன்.
அந்தப் பழைய போனுக்கு
ஃபேக்டரியில் பிறக்கும்போதே குத்திய எண் ஒன்று உண்டு,
பட்டியலின் பழைய பக்கத்தில் இருந்தது.
அதன் எதிரே பதினேழை எழுதிப் பூட்டினேன்.
பையனுக்கு இருபத்திரண்டு.
காலையில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை,
யூடியூப் ஓடியது.

லூர்துவின் போன் இனி
இந்த மாடிப்படி ஏறப்போவதில்லை.
ஏறினால்
யாரையும் கேட்க வேண்டாம், எண் தயார்.
ஏப்ரல் மாத பாக்கி
ஒன்றரை தினாரும் அப்படியே இருக்கிறது,
அவன் பேரில்.