ஏழாம் எண் இல்லாத பை

உறையில் எண்பத்தைந்து டாலர்.
குளிர்கால டயர் வாங்கியது போக மிஞ்சியது.
உறையின் மேல் ‘டயர்’ என்றே இருந்தது.
அதை அடித்துவிட்டு ‘கோல்ஃப்’ என்று எழுதவில்லை.
எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

ரெஜைனாவில் பெரிய கடை.
ஒரு பையன் என்னைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தி
திரையில் தெரிந்த புல்வெளியை நோக்கி
வீசச் சொன்னான்.
வீசினேன்.
மணிக்கு எண்பத்தெட்டு என்றது இயந்திரம்.
நெடுஞ்சாலையில் நான் பள்ளிப் பேருந்தை ஓட்டும் வேகம்,
நல்ல வேகம் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.
அவன் உதட்டைப் பிதுக்கினான்.
எனக்கென்று எடுத்துவந்த மட்டை
அறுநூற்று நாற்பது.
ஒரு மட்டை. பந்து தனி, பை தனி.
வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து
கொண்டுபோயிருந்த முட்டை சாண்ட்விச்சைத் தின்றேன்.

மே மாத இரண்டாம் சனி,
லைல் ஃபெர்டுக் வீட்டு கராஜில் பழைய சாமான் விற்பனை.
பனி அள்ளும் இயந்திரத்துக்கும்
கால் ஆடும் குழந்தை நாற்காலிக்கும் நடுவே
சாய்ந்து நின்றது பை.
ஒன்பது மட்டை, மூன்று கம்பெனி.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை என்று
தூரத்திலேயே தெரிந்தது.
ஒன்றின் பிடியில் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடா.
காலையில் பேருந்துக்கு பிரேக் பார்ப்பதுபோலப் பார்த்தேன்:
குலுக்கினேன், முகர்ந்தேன்,
இரும்பு முகத்தின் கோடுகளில் நகத்தை ஓட்டினேன்.
ஐந்து. ஆறு. எட்டு. ஒன்பது.

“ஏழு எங்கே?”

லைல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.
“இரண்டாம் குழிக்குப் பக்கத்தில், குட்டையில.”
“விழுந்துடுச்சா?”
“போயிடுச்சு.”
“எறிஞ்சேன்னு சொல்லுங்களேன்,”
உள்ளேயிருந்து அவர் மனைவி வெர்னா.
“பையையே எறியப் போனார், நான்தான் பிடிச்சேன்.”

தொண்ணூறு என்றார்.
இல்லாத ஏழுக்கு இருபது கழியுங்கள் என்றேன்.
இல்லாததையும் கணக்கில் சேர்க்காமல்
குடும்பம் நடத்த முடியுமா என்ன?
எழுபதில் படிந்தது.
கடைசிக் குழியில் பந்தை உருட்டும் மட்டையை மட்டும்
அவர் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் தந்தார்.

மிச்சம் பதினைந்து.
என் பேருந்தில் கடைசி இருக்கை காஸிடி,
வயது பதினொன்று,
குட்டையில் இறங்கிப் பந்து பொறுக்குகிறவள்,
முட்டை அட்டையில் அடுக்கி விற்கிறாள்.
டஜன் நாலு டாலர்.
இரண்டில் பல் தடம் இருந்தது. நரி என்றாள்.

எங்கள் ஊர் மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல் கிடையாது.
எண்ணெய் தெளித்த மணல்.
தகரப் பெட்டியில் ஐந்து டாலர் போட வேண்டும்,
போடுவதை யாரும் பார்ப்பதில்லை,
போடுகிறோம்.
ஆடி முடித்ததும் வாரியை இழுத்து
நம் கால் தடத்தை நாமே அழித்துவிட்டுப் போக வேண்டும்.

ஏழு கேட்கிற தூரம் ஒன்று உண்டு.
அந்தப் பாழாய்ப்போன தூரத்தில்தான்
என் பந்து எப்போதும் போய் உட்காரும்.
ஆறைக் கீழே இறக்கிப் பிடித்து அடக்கி அடிக்கலாம்,
இல்லாவிட்டால் எட்டை எடுத்து ஓங்கி அடிக்கலாம்.
அடக்கினால் குறைகிறது.
ஓங்கினால் கோதுமை வயலுக்குப் போகிறது.
ஜூலைக்குள் கை பழகிவிட்டது,
பத்துக்கு நாலு.

செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் நாள்
காஸிடி பேருந்தில் ஏறினாள்,
தோளில் சேறு சொட்டும் கம்பி.
தலையில் துருவைச் சுரண்டியிருந்தாள்: ஏழு.
“பத்து டாலர்.”
வாங்கித் தரையில் ஊன்றிப் பார்த்தேன்.
முகம் மறுபக்கம் பார்த்தது.
இடக்கை மட்டை. லைலுடையது இல்லை.

இடக்கையால் ஆடுகிறவர் இந்த ஊரில்
எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்.
இந்த ஞாயிறு அவர் பிரசங்கத்துக்குப் போக வேண்டும்,
போய் வெகுநாள் ஆகிறது.

இரண்டு டாலர் கொடுத்தேன்.
கதவைச் சாத்தினேன்.